யஸ்னயா பொல்யானாவில் ஒரு கட்டுரைப் பாடம்

மாணவரை எழுதச் செய்வது எவ்வாறு என்னும் வினா, பள்ளிக்கூடம் தோன்றிய நாள்தொட்டே ஆசிரியரைத் தொடர்ந்து வந்திருக்கிறது. எழுத்தறிவிக்கவும் வாசிக்கப் பழக்கவும் முறைகள் பல உள. பிறர் எழுதியதைப் பார்த்தெழுதச் செய்தலும் கடினமன்று. ஆனால், வெறுந்தாளை முன்னே வைத்து, உன் மனத்திலிருந்து ஒன்றை எழுது என்றதும் பிள்ளை திகைத்து நிற்கிறது. அத்திகைப்பைப் போக்குவதற்கென்றே தலைப்புக் கொடுக்கும் வழக்கம் எழுந்தது. தலைப்பு எத்தகையதாய் இருத்தல் வேண்டும், அதைக் கொடுத்தபின் ஆசிரியர் செய்யவேண்டுவது யாது என்னும் இரு வினாக்களுக்கும், ருஷ்ய நாட்டுச் சிற்றூர் ஒன்றில், உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் விடை தேடினார். அவர் லியோ டோல்ஸ்டோய். அவருடைய மாணவர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்.

தலைப்புக் கொடுத்து எழுதுவிக்கும் முறை மிகப் பழையது. கிரேக்க, உரோமப் பள்ளிகளில் சொற்பொழிவுக் கலையைக் கற்கப் புகும் இளைஞருக்குப் படிப்படியான எழுத்துப் பயிற்சிகள் வகுக்கப்பட்டிருந்தன. கி. பி. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவைச் சேர்ந்த அப்தோனியஸ் என்பார் இப்பயிற்சிகளைப் பதினான்காகத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் மாதிரி ஒன்றும் எழுதிச் சேர்த்தார். நீதிக்கதையை விரித்தெழுதுதல், நிகழ்ச்சியைக் கூறுதல், பெரியோர் வாக்கை விளக்குதல், முதுமொழியை எடுத்து ஆராய்தல், ஒருவரைப் புகழ்தல், இகழ்தல் எனப் பயிற்சிகள் எளியதிலிருந்து அரியதற்கு ஏறிச் செல்லும். இந்நூல் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியப் பள்ளிகளில் வழங்கியது. பழமொழியை வித்தாகக் கொண்டு புதிதொன்று புனைதல் தமிழருக்கும் புதியதன்று. பாட்டுத்தோறும் ஒரு பழமொழி அமையப் பாடிய பழமொழி நானூறு அதற்குச் சான்று.

நெடுங்காலம் வழங்கிய முறை நாளடைவில் வெறுஞ்சடங்காவது உலகியல்பு. முதுமொழி இன்னது, அதைச் சொன்னவர் இன்னார், அதற்குக் காரணம் இது, எடுத்துக்காட்டு இது, முடிவுரை இது என்று அச்சில் வார்த்தாற்போல மாணவர் எழுதலாயினர். முதிர்ந்த அறிவின் பயனாய் விளையவேண்டிய கட்டுரையையும் செய்யுளையும் ஒன்றுமறியாச் சிறுவரிடமிருந்து வற்புறுத்திப் பெறுவதை, 1644ஆம் ஆண்டில் கல்வியைப் பற்றித் தாம் எழுதிய சிறு நூலில் ஆங்கிலக் கவிஞர் மில்டன் வன்மையாகக் கண்டித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பெஸ்தலோசி என்னும் சுவிற்சர்லாந்து அறிஞரின் வழிவந்த ஆசிரியர்கள் வேறொரு பாதையைக் கண்டனர். கண்ணுக்கு முன்னுள்ள எளிய பொருள்களைப் பிள்ளைகள் முதலில் உற்றுநோக்கட்டும், அவற்றை விவரிக்கட்டும் என்றனர். மேசை, மரம், வீடு, தானியம் ஆகியவை கட்டுரைத் தலைப்புகளாயின. எளியதிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் இந்த நெறியில் பிழை இருக்கக்கூடும் என அக்காலத்தில் ஐயுற்றவர் மிகச் சிலரே.

டோல்ஸ்டோய் 1828ஆம் ஆண்டிலே பிறந்தவர். கிரிமியப் போரிற் படையதிகாரியாய்ப் பணியாற்றி, அப்போர் பற்றிய கதைகளால் இளமையிலேயே பெயர் பெற்றவர். 1859ஆம் ஆண்டில் அவர் தலைநகரத்து இலக்கிய வட்டாரங்களை விட்டு நீங்கி, மொஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 200 கிலோமீற்றர் தொலைவில், துலா நகருக்கு அண்மையிலுள்ள யஸ்னயா பொல்யானா என்னும் தம் பண்ணைக் கிராமத்தில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அப்பொழுது அக்கிராமத்து மக்கள் பண்ணையடிமைகள். அவர்களுக்கு விடுதலையளித்த அரசாணை 1861ஆம் ஆண்டிலேதான் பிறந்தது. இதற்கிடையில், 1860ஆம் ஆண்டிற் புறப்பட்டு ஜெர்மனி, பிரான்சு, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளுக்குச் சென்ற டோல்ஸ்டோய், ஆங்காங்குள்ள பள்ளிகளைக் கண்டு வந்தார். அச்சுறுத்தலும் மனப்பாடமும் மிகுந்த வகுப்புகளைப் பார்த்துச் சலிப்புற்றுத் திரும்பிய அவர், தம்முடைய பள்ளியை வேறு வகையாக நடத்தத் துணிந்தார்.

அப்பள்ளியின் நடைமுறையை அவரே விரித்து எழுதியிருக்கிறார். கல்லாற் கட்டிய இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றிற் பள்ளி நடைபெற்றது. காலையில் மணியொலி கேட்டதும் பிள்ளைகள் இருவர் மூவராகப் பனியையும் மழையையும் பொருட்படுத்தாது வந்து சேர்வர். அவர்கள் கையில் புத்தகமோ அப்பியாசக் கொப்பியோ இராது. வீட்டுப் பாடமும் இல்லை. நேற்றைய பாடத்தை ஒப்புவிக்க வேண்டும் என்னும் அச்சமும் இல்லை. கட்டணம் பெறுவதில்லை. பதிவிலிருந்த மாணாக்கர் ஏறக்குறைய 40 பேர். ஒருங்கு கூடுவோர் முப்பதின்மருக்கு மேற்படுவது அருமை. பெரும்பாலோர் ஏழு வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்டவர். ஆசிரியர் நால்வர். 1862ஆம் ஆண்டில் டோல்ஸ்டோய் அக்கிராமத்தின் பெயரையே சூட்டி ஒரு கல்வித் திங்களிதழையும் தொடங்கினார். அவ்விதழோடு, பள்ளிப் பிள்ளைகள் எழுதியவையும் அவர்களுக்கென எழுதப்பட்டவையும் சிறு நூல்களாக வெளிவந்தன.

கட்டுரைப் பாடத்தில் முதலிற் கிடைத்தது தோல்வியே. ஐரோப்பிய முறையைப் பின்பற்றி, எளிய பொருள்களை விவரிக்குமாறு பிள்ளைகளைப் பணித்தனர். தானியம், வீடு, மரம் என்பன தலைப்புகள். பிள்ளைகள் எழுத மாட்டாமல் அழும் நிலைக்கு வந்துவிட்டனர். தானியம் எவ்வாறு முளைக்கிறது, எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு அப்பமாகிறது என்று ஆசிரியர் படிப்படியாகப் பிரித்துக் கொடுத்தும் பயனில்லை. சிலர் எழுத மறுத்தனர். எழுதியவரும் பொருளற்ற பிழைகளை நிரப்பி வைத்தனர். நாள்தோறும் வயலிலும் களத்திலும் தானியத்தோடு வாழும் குடியானவர் பிள்ளைகளுக்குத் தானியத்தைப் பற்றி எழுத இயலவில்லை.

பின்னர், நடந்த நிகழ்ச்சி ஒன்றை எழுதுமாறு கேட்டபோது, பரிசு பெற்றவர்போல் அவர்கள் மகிழ்ந்தனர். இதிலிருந்து டோல்ஸ்டோய் ஓர் உண்மையைக் கண்டார். ஆசிரியருக்கு எளிதாகத் தோன்றுவது மாணவனுக்கு எளிதாவதில்லை. பகுத்துத் தனிப்படுத்திய பொருள் ஆசிரியரின் கண்ணுக்கு எளியது. ஆனால், அது உயிரற்றது. மனிதரும் சினமும் இரக்கமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் நிகழ்ச்சி சிக்கலானது; ஆயினும் உயிருள்ளது. பிள்ளையின் மனம் உயிருள்ளதையே பற்றிக்கொள்கிறது.

இதன் பின்னர் நிகழ்ந்ததே கல்வி வரலாற்றில் நினைவுகூரப்படும் அந்தக் கட்டுரைப் பாடம். சினெகிரியோவ் என்னும் அறிஞர் தொகுத்த ருஷ்யப் பழமொழி நூலை டோல்ஸ்டோய் ஆர்வத்தோடு படித்துவந்தார். ஒவ்வொரு பழமொழியின் பின்னாலும் ஒரு கதை மறைந்திருப்பதாக அவருக்குத் தோன்றும். குளிர்காலத்தில் ஒருநாள், உணவுக்குப் பின் அந்நூலைப் படித்துக்கொண்டிருந்தவர், அதைக் கையிலெடுத்துக்கொண்டே வகுப்புக்குப் போய், பழமொழி ஒன்றுக்குக் கதை எழுதலாமே என்றார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பினாற் கண்ணைக் குத்துவதைக் கூறும் பழமொழி ஒன்று கண்ணிற் பட்டது. உதவி செய்துவிட்டு அதைச் சொல்லிக்காட்டிப் புண்படுத்துவோரைப் பற்றியது அது. குடியானவன் ஒருவன் ஏழைக் கிழவன் ஒருவனை இரங்கி வீட்டிற் சேர்க்கிறான். பின்னர்த் தான் செய்த உதவியைச் சொல்லிச் சொல்லிக் குத்துகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள் என அவர் விளக்கினார். பிள்ளைகள் ஒருவரும் துணியவில்லை. அது தங்கள் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது என்று கூறி வேறு வேலைக்குத் திரும்பினர். அவர்களுள் ஒருவன், நீங்களே எழுதுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னான்.

இவ்விடத்தில் டோல்ஸ்டோய் செய்தது சிறிய செயல். அதன் விளைவோ பெரிது. அவர் வற்புறுத்தவில்லை, தலைப்பையும் மாற்றவில்லை. பேனையையும் மைக்கூட்டையும் எடுத்துக்கொண்டு, யார் நன்றாக எழுதுகிறார் பார்ப்போம், நானும் உங்களோடு எழுதுகிறேன் என்று கூறி எழுதத் தொடங்கினார். முதற்பக்கம் முடிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக அவர் முதுகுப்புறம் வந்து எட்டிப் பார்த்தனர். எழுதியதை அவர் வாசித்துக் காட்டினார். அது அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை, ஒருவரும் புகழவில்லை. வெட்கமுற்ற ஆசிரியர், தம் எழுத்தாளத் தன்மானத்தைக் காப்பதற்காக, மேலே கதை எவ்வாறு செல்லப்போகிறது என்று சொல்லத் தலைப்பட்டார். பிள்ளைகள் குறுக்கிட்டனர். அந்தக் கிழவன் அப்படிப் பேச மாட்டான் என்றான் ஒருவன். இல்லை, இப்படித்தான் இருக்க வேண்டும் என்றான் மற்றொருவன். சிறிது நேரத்தில் ஆசிரியர் எழுத்தராகிவிட்டார். கதையை ஆக்குவோர் பிள்ளைகளாயினர்.

ஏனையோர் ஒவ்வொருவராகக் கலைந்தபின் இருவர் எஞ்சினர். டோல்ஸ்டோய் தம் கட்டுரையில் அவர்களை செம்கா, பெத்கா என்று அழைக்கிறார். செம்காவுக்கு வயது பன்னிரண்டு இருக்கும்; பெத்காவுக்குப் பத்து. இருவர் பார்வையும் இரு வகை. செம்கா புறத்தோற்றத்தைக் கூர்ந்து காண்பவன். கிழவனின் மரப்பட்டைச் செருப்பு பனியில் விறைத்துக் கிடந்ததையும், அது இளகியபோது சேறு வழிந்ததையும், அடுப்பிலிட்டபின் வறண்டு சுருண்டதையும் அவன் கண்ணாற் கண்டதுபோலச் சொன்னான். பெத்காவோ உள்ளத்தை அசைக்கும் நுட்பங்களையே நாடினான். கிழவன் காலிற் சுற்றிய கந்தைக்குள் பனி புகுந்திருந்ததும், அதைக் கண்ட குடியானவன், ஐயோ, இவன் எவ்வாறு நடந்து வந்தானோ என்று இரங்கியதும் அவன் கண்டவை. அளவறிந்து நிறுத்துவதிலும் பெத்காவே வல்லவன். செம்கா அளவுக்கு மீறி அடுக்கிய விவரங்களை அவன் தடுத்தான்.

ஓரிடத்தில், குடியானவனின் ஞானஸ்நான உறவினன் ஒருவன் கதைக்குள் வருகிறான். அவன் பெண்ணின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்தான் என எழுத வேண்டும் என்று பெத்கா கூறினான். ஏன் பெண்ணின் அங்கி என்று கேட்டபோது, அதுதான் பொருந்தும் என்பதற்குமேல் அவனாற் காரணம் கூற இயலவில்லை. அந்த ஒரு சொல்லில் டோல்ஸ்டோய்க்கு அம்மனிதன் முழுதும் தெரிந்தான். ஒடுங்கிய மார்பும் மெலிந்த உடலுமுடைய ஒரு குடியானவன், அவசரமாகப் புறப்பட்டவன், பலகையிற் கிடந்த மனைவியின் அங்கி கைக்கு முதலில் அகப்பட, அதையே போட்டுக்கொண்டு வந்தவன். ஒரு குடும்பத்தின் மாலைப்பொழுது முழுவதும் அவ்வங்கிக்குள் அடங்கியிருந்தது. பல பக்கம் வருணித்தும் தேர்ந்த எழுத்தாளருக்கு எளிதிற் கைவராத நுட்பம், எழுத்துக்கூட்டி எழுதும் சிறுவனுக்கு வாய்த்தது.

மாலை ஏழு மணிக்குத் தொடங்கிய வேலை பதினொரு மணிவரை நீடித்தது. பசியும் களைப்பும் தோன்றவில்லை. அன்றிரவு டோல்ஸ்டோய் அடைந்த மகிழ்ச்சியோடு ஒருவித அச்சமும் கலந்திருந்தது. பிறர் காணக்கூடாத ஒன்றைத் திருட்டுத்தனமாகக் கண்டுவிட்டதுபோலவும், புதையலை எதிர்பாராது கண்டவன்போலவும் அவர் நடுங்கினார். மறுநாட் காலையில், முந்திய இரவு நடந்தது கனவோ என்று ஐயுற்றார்.

கதை முற்றுப்பெறுமுன் ஒரு கேடு நேர்ந்தது. டோல்ஸ்டோய் சிலநாள் பள்ளியைப் பிரிந்திருந்தார். அக்காலத்தில், தாளை மடித்து வீசிப் பட்டென ஒலி எழுப்பும் விளையாட்டு மாணவரிடையே பரவியிருந்தது. கைக்கு அகப்பட்ட தாள்களையெல்லாம் அவர்கள் காகித வெடிகளாக மடித்தனர்; விளையாடி முடிந்தபின் அடுப்பிலிட்டு எரித்தனர். கதை எழுதிய தாள்களும் அவற்றோடு சாம்பலாயின. தம்முடைய எழுத்து எதை இழந்தபோதும் அத்துணை வருந்தியதில்லை என டோல்ஸ்டோய் எழுதுகிறார். அவர் முகத்தைக் கண்ட செம்காவும் பெத்காவும், நாங்களே திரும்ப எழுதித் தருகிறோம் என்றனர். இம்முறை தாம் உதவப்போவதில்லை என்றார் ஆசிரியர். பாடம் முடிந்தபின், இரவு ஒன்பது மணியளவில், இருவரும் அவர் வீட்டுக்கு வந்து, எழுதும் அறைக்குட் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டனர்.

முதலிற் சிரிப்பொலி கேட்டது, பின்னர் அமைதி. நள்ளிரவுவரையும் தாழ்ந்த குரலிற் பேச்சும் பேனை கீறும் ஓசையும் மட்டுமே கேட்டன. பன்னிரண்டு மணிக்கு டோல்ஸ்டோய் கதவைத் தட்டி உள்ளே சென்றபோது, செம்கா எழுதிக்கொண்டிருந்தான். பெத்கா பெரிய சாய்வு நாற்காலியிற் காலின்மேற் காலிட்டு அமர்ந்து சொல்லிக்கொண்டிருந்தான். இழந்த கதை புதிய வடிவிற் பிறந்திருந்தது. சில விவரங்கள் மாறியிருந்தன. முன்பிருந்த உண்மையும் அளவும் அழகும் அப்படியே இருந்தன. கதை 1862ஆம் ஆண்டில், பள்ளியிதழின் நான்காம் வெளியீட்டோடு அச்சேறியது.

பின்னர் பெத்கா தனியே ஒரு கதை ஆக்கினான். குடும்பத் தலைவனைப் படைக்கு ஆள்பிடித்துச் சென்றபின் அவன் மனைவி மக்கள் பட்ட பாட்டை, வீட்டுச் சிறுவன் வாயால் சொல்வதாக அமைந்தது அது. அந்நாளில் ருஷ்யப் படையிற் சேர்க்கப்பட்டவன் பல்லாண்டு கழிந்தே மீள்வான். ஆதலால் அக்கதை கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கேட்டறிந்த செய்தியன்று. கண்முன் கண்ட துயர். அதே இதழில் வெளிவந்த வேறொரு கதை இதற்கு மாறானது. சிறுவன் ஒருவன் துலா நகரிலே பயந்த வரலாறு என அச்சேறிய அதைச் சிறுவன்தான் எழுதினானா என்று வாசகர் சிலர் ஐயுற்றனர். அவர்களின் ஐயம் சரியானதே. சிறுவன் சொன்ன கனவை வைத்து ஆசிரியர் ஒருவர் எழுதியது அது. பதிப்பாசிரியர் என்ற முறையில் டோல்ஸ்டோய் தவற்றை ஒப்புக்கொண்டு, பிள்ளைகளின் கதைகளைக் காட்டிலும் அது மிகவும் தாழ்ந்திருந்ததாலேயே வேறுபாடு வெளிப்பட்டது என்று எழுதினார்.

இவற்றையெல்லாம் அவர் 1862ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். எழுதுவதை யார் யாரிடம் கற்பது, குடியானவர் பிள்ளைகள் எம்மிடமா, நாம் அவர்களிடமா என்பதே அதன் தலைப்பு. அதன் இறுதியில் ஆசிரியர்களுக்கு நான்கு நெறிகளைக் கூறினார்.

முதலாவது, தலைப்புகள் பலவாகவும் பலவகையாகவும் இருத்தல் வேண்டும். பிள்ளைகளுக்கென்று சிறுபிள்ளைத்தனமாக அவற்றைக் கற்பித்தலாகாது; ஆசிரியரின் உள்ளத்தையே ஈர்க்கும் கனமான பொருள்களைக் கொடுத்தல் வேண்டும். இரண்டாவது, மாதிரியாகப் பிள்ளைகள் எழுதியவற்றையே பிள்ளைகளுக்கு வாசிக்கக் கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, கட்டுரையைப் பார்க்கும் வேளையில் கொப்பியின் தூய்மை, கையெழுத்து, எழுத்துப்பிழை ஆகியவை பற்றியும், முக்கியமாக வாக்கிய அமைப்பு, தருக்கமுறை ஆகியவை பற்றியும் குறை கூறலாகாது.

நான்காவது நெறியே மிக நுட்பமானது. கட்டுரையின் நீளமோ பொருளின் கடினமோ மாணவனைத் தடுமாறச் செய்வதில்லை. ஒரே நேரத்தில் பல செயல்களைச் செய்யவேண்டியிருப்பதே அவனைத் தடுமாறச் செய்கிறது. மனத்தில் எழும் பல எண்ணங்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல், அதற்கேற்ற சொல்லைத் தேடுதல், அதற்குரிய இடத்தைக் காணுதல், சொன்னதைத் திரும்பச் சொல்லாதிருத்தல், சொல்லவேண்டியதை விட்டுவிடாதிருத்தல், முன்னதையும் பின்னதையும் இணைத்தல், சிந்திப்பதும் எழுதுவதும் ஒன்றையொன்று தடுக்காமற் காத்தல் ஆகியவை அச்செயல்கள். தொடக்கத்தில் இவற்றுட் பலவற்றை டோல்ஸ்டோய் தாமே ஏற்றுக்கொண்டார். பிள்ளைகள் எண்ணங்களைச் சொன்னார்கள். சிறந்ததைத் தெரிவதும், சொன்னதை நினைவூட்டுவதும், தாளில் எழுதுவதும் அவர் பணி. அடுத்துத் தெரியும் பொறுப்பு அவர்களுக்கு மாறியது. பின்னர் நினைவில் வைத்துக்கொள்வதும், இறுதியில் எழுதுவதும் மாறின. நடை பழகும் குழந்தையின் கையை ஒவ்வொரு விரலாக விடுவது போன்றது இம்முறை.

இந்நெறிகளை எல்லா ஆசிரியரும் அப்படியே ஏற்க இயலாது. எழுத்துப்பிழையை ஒருபோதும் சுட்டாவிட்டால் பிள்ளை திருத்தமாக எழுதக் கற்பது எங்ஙனம் என்னும் கேள்வி நியாயமானது. அதற்குத் தனி வேளை உண்டு என்பதும், கதையை முதன்முறை கேட்கும் வேளை அதுவன்று என்பதும் விடையாகலாம். முப்பது பிள்ளைகளுக்கு நான்கு ஆசிரியர் இருந்த பள்ளியை, ஒரே வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு பரீட்சைக்கும் ஆயத்தம் செய்யும் பள்ளியோடு ஒப்பிடுதலும் பொருந்தாது. பெத்காவின் கலைத்திறனை ஜெர்மானிய மகாகவி கதேயின் திறனுக்கும் மேலாக வைத்து டோல்ஸ்டோய் புகழ்ந்தது, உணர்ச்சியின் மிகுதி என்றே கொள்ளத்தக்கது.

அக்கட்டுரையின் முடிவுக்கும் அதில் விவரிக்கப்படும் நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு முரண்பாடும் உண்டு. ரூசோவைப் போல டோல்ஸ்டோயும் குழந்தையின் இயல்பு பிறவியிலேயே நிறைவுடையது என நம்பினார். கல்வி அந்நிறைவைக் கெடுக்கிறதேயன்றி வளர்ப்பதில்லை என்று வாதித்தார். ஆனால், அவர் தரும் வரலாறு வேறொன்றைக் கூறுகிறது. பழமொழியைக் கேட்டதும் பிள்ளைகள் எழுதிவிடவில்லை. தங்களால் ஆகாது என்றே மறுத்தனர். ஆசிரியர் முதலில் எழுதி, எழுதியதை வாசித்துக் காட்டி, அதில் குறை காணும் உரிமையை அவர்களுக்கு அளித்தபின்னரே அவர்கள் வாய் திறந்தனர். கையைப் பிடித்து நடத்தியவர் ஒருவர் இருந்தமையாலேயே கையை விடும் நாளும் வந்தது. எரிந்த கதையை இரண்டாம் முறை தாமாகவே எழுதிய இரவு, முதலிரவு இல்லாமல் வந்திருக்க முடியாது. யார் யாரிடம் கற்பது என்னும் வினாவுக்கு, இருசாராரும் ஒருவரிடமொருவர் கற்றனர் என்பதே அந்நிகழ்ச்சி தரும் விடை.

குடியானவன் பிள்ளைக்குக் கதை எழுதும் திறன் எதற்கு என்று அந்நாளிற் கேட்டவர் பலர். கணக்கும் கையெழுத்தும் போதாவோ என்றனர். பள்ளிப் பிள்ளைகளே ஒருநாள் இதையொத்த வினாவை எழுப்பினர். குளிர்கால இரவில் டோல்ஸ்டோயோடு காட்டோரமாக நடந்து சென்றபோது, பாட்டுக் கற்பது ஏன், படம் வரைவது ஏன் என்று அவர்களுக்குள் பேச்சு எழுந்தது. அதற்கு விடையாக, லிண்டன் மரம் எதற்காக வளர்கிறது என்னும் வினா பிறந்தது. வெட்டி உத்திரம் செய்ய என்றான் ஒருவன். வெட்டாமல் கோடையில் நிற்கும்போது அது எதற்கு என்று வினவியபோது, உலகிலுள்ள எல்லாம் பயனுக்காகவே இருப்பதில்லை, அழகும் உண்டு என்று அவர்கள் பேசிக்கொண்டனர். அடிமை வாழ்விலிருந்து அண்மையில் விடுபட்ட குடும்பங்களின் பிள்ளைகள் அவ்வாறு பேசினர் என்பதை நினைத்தல் வேண்டும். தம் வாழ்வும் எழுதத் தகுந்தது என்னும் எண்ணம் அவர்களுக்கு அப்பள்ளியிலே கிடைத்தது.

பள்ளி நெடுநாள் நிலைக்கவில்லை. 1862ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், டோல்ஸ்டோய் சமாரா நாட்டுப்புறத்தில் உடல்நலத்துக்காகத் தங்கியிருந்தபோது, அரசாங்கக் காவற்படையினர் அவருடைய வீட்டையும் பள்ளியையும் சோதனையிட்டனர். கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் புரட்டிப் பார்த்தும் குற்றமாக ஒன்றும் அகப்படவில்லை. அவமதிப்பைப் பொறாத டோல்ஸ்டோய் மன்னருக்கே முறையிட்டு எழுதினார். அதே ஆண்டு செப்டெம்பரில் அவர் திருமணம் செய்துகொண்டார். பின்னர் நாவல் எழுதுவதில் அவர் கவனம் திரும்பியது. பன்னிரண்டு இதழ்களோடு பத்திரிகை நின்றது, பள்ளியும் மூடப்பட்டது. எனினும் கல்வி ஆர்வம் அவரை விட்டகலவில்லை. 1872ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அரிச்சுவடியும், 1875ஆம் ஆண்டில் அதைத் திருத்தி வெளியிட்ட புதிய அரிச்சுவடியும் ருஷ்யப் பிள்ளைகளிடையே பெருவழக்குப் பெற்றன. அவற்றின் சுருக்கமான எளிய நடையில், யஸ்னயா பொல்யானாப் பிள்ளைகளிடம் ஆசிரியர் கற்றுக்கொண்ட பாடத்தின் சாயலைக் காணலாம்.

பெத்கா என்று டோல்ஸ்டோய் அழைத்த சிறுவனின் உண்மைப் பெயர் வசீலி மொரோசோவ். அவர் புகழ்பெற்ற எழுத்தாளராகவில்லை. ஆயினும் எழுத்து அவரை விட்டு நீங்கவில்லை. ஏறக்குறைய நாற்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின், 1908ஆம் ஆண்டில், முதுமையடைந்த மொரோசோவ் எழுதிய கதை ஒன்று வெளிவந்தபோது, எண்பது வயதினரான டோல்ஸ்டோயே அதற்கு முன்னுரை எழுதினார். தம் பள்ளி நாட்களைப் பற்றி மொரோசோவ் எழுதிய நினைவுக் குறிப்புகளும் 1917ஆம் ஆண்டில் நூலாக அச்சேறின. ஒரு பழமொழியும், அதைக் கொடுத்ததோடு நில்லாது தாமும் உடன் அமர்ந்து எழுதிய ஓர் ஆசிரியரும், எழுதி முடித்ததைப் பிழைதேடும் கண்ணின்றிக் கேட்ட ஒரு செவியும் அச்சிறுவனுக்குக் கிடைத்தன. வகுப்பு எத்துணைப் பெரிதாயினும், பரீட்சை எத்துணை நெருங்கினும், ஆண்டில் ஒரு பாடவேளையாவது ஆசிரியர் மாணவரோடு சேர்ந்து எழுதுதல் எப்பள்ளியிலும் ஆகாத காரியமன்று.